பதினாறு துளைத் தொட்டி

ஆகஸ்டு முதல் சனிக்கிழமை ஜெர்மனியில் வேலை பார்க்கிற எங்கள் செர்பிய ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போவார்கள். ஜெர்மனித் தொழிற்சாலைகள் மூன்று வாரம் விடுமுறை விடும் நாள் அது. அன்றைக்குச் செர்பிய எல்லையில் ஆறு மணி நேரம் வெயிலில் காயவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று எல்லோரும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். கூட்டம் அப்படித்தான் உண்டாகிறது. முப்பது வருஷமாக இதை யாரும் மாற்றவில்லை.

போரிவோயும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஆக்ஸ்பூர்க்கிலிருந்து கிளம்பினான். கூட மனைவி ராட்மிலா, எட்டு வயது மகள் நெவேனா, மூன்று வயது மகன் ரெல்யா. ராத்திரி முழுக்க ஆஸ்திரியாவைத் தாண்டி, விடிய விடிய ஹங்கேரியைத் தாண்டி, காலை பதினோரு மணிக்கு எல்லைக்கு நான்கு கிலோமீட்டர் இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். நின்றார்கள் என்றால் நின்றார்கள்தான். சாலை இரண்டு வரிசைக்குப் போட்டது. எங்கள் ஆட்கள் மூன்று வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் சோளக்காடு, ஒரு பக்கம் சூரியகாந்தி. சூரியகாந்திகள்கூட இந்த வெயிலைப் பார்க்கமாட்டோம் என்று தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

போரிவோய் வண்டியின் கூரைமேல் ஒரு குளியல்தொட்டி கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தது. மூலையில் வைக்கிற முக்கோணத் தொட்டி. வெள்ளை நிறம். உள்சுவரில் பதினாறு துளைகள். மோட்டாரைப் போட்டால் பதினாறு துளையிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு முதுகைப் பிடித்துவிடுமாம். தொட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் பழைய போர்வை, போர்வைக்கு மேல் ஆறு பட்டை. அவ்வளவு பத்திரமாகப் பிள்ளைகளைக்கூட அவன் கட்டி உட்காரவைக்கவில்லை.

தொட்டி போகவேண்டிய இடம் ஊரில் அவன் கட்டிய வீட்டின் மூன்றாவது மாடி. அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. பதினான்கு அறை, இரண்டு பால்கனி, வாசல் தூண்களில் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள். சிங்கங்கள் மட்டும் வருஷம் முழுக்க ஊரில் இருக்கின்றன. ஆகஸ்டில் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் கீழ்த்தளத்துக்கே விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் வாளியில் படியேறி வரவேண்டும். இதெல்லாம் போரிவோய்க்குத் தெரியும். ஆனால் எதிர்வீட்டு ஸ்லாட்டோமிர், இவனுக்குச் சித்தப்பா மகன், சுவிட்சர்லாந்தில் வேலை, போன வருஷம் தன் வீட்டில் பன்னிரண்டு துளைத் தொட்டி வைத்துவிட்டான். அதற்கு மேல் காரணம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அம்மா, கண்ணாடிய இறக்கு," என்றாள் நெவேனா.

"இறக்கித்தானே இருக்கு."

"உன் பக்கம்தான் இறக்கியிருக்கு. என் பக்கம் இறக்கு."

"ரெண்டு பக்கமும் இறக்கக் கூடாது," என்றான் போரிவோய். "குறுக்குக் காத்து அடிக்கும்."

குறுக்குக் காற்றைவிடப் பயங்கரமானது எங்கள் ஊரில் வேறொன்றும் கிடையாது. ஒரு ஜன்னலில் நுழைந்து எதிர் ஜன்னல் வழியாகப் போகிற காற்று மேலே பட்டால் வாய் கோணும், காது அடைக்கும், பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் குளிர்ந்துபோகும். போரில் குண்டுக்கு நடுவே ஓடிவந்த ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களும் இரண்டு ஜன்னலை ஒன்றாகத் திறக்கமாட்டார்கள்.

"ஏசி போடேன்ப்பா."

"போட்டா இஞ்சின் கொதிச்சிரும். மேல பாரம் இருக்குல்ல."

"அப்போ பாரத்த இறக்கு."

"இவ வாய பாத்தியா ராடா? எட்டு வயசு!"

ராட்மிலா திரும்பவில்லை. முழங்கைவரை சிவந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஓட்டல்களுக்குத் துணி வெளுக்கும் ஓர் இடத்தில் அவளுக்கு வேலை. நீராவி அடிக்கும் உருளைக்குள் படுக்கை விரிப்பைக் கொடுத்து இழுக்கவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எல்லாம் மற்றவர்கள் விடுமுறையில் படுத்து எழுந்தது. சூடு அவளுக்குப் புதிதில்லை. சும்மா உட்கார்ந்து சூட்டை வாங்குவதுதான் புதிது.

மடியில் கைக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. அதில் கிரேக்க நாட்டு வீட்டுக்காரி ஒருத்தி அனுப்பிய செய்தி. கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு, ஒரு அறை, ஒரு அடுப்பு, பத்து நாள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். வராவிட்டால் வாசலிலேயே வேறு ஆட்கள் நிற்கிறார்கள், அறையைக் கொடுத்துவிடுவேன்.

நெவேனாவுக்கு நான்கு வருஷமாகக் கடல் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வருஷம் கூரை ஓடு போடவேண்டியிருந்தது. அடுத்த வருஷம் சிங்கங்களுக்குப் பீடம். அதற்கடுத்த வருஷம் மாடிப்படிக் கைப்பிடி. போன வருஷம், "ஒரு மணி நேரம் ராடா, சாவிய வாங்கி வீட்ட ஒரு பார்வை பாத்துட்டு நேரா கடலுக்குத்தான்" என்று சொல்லி ஊர் விலக்கில் வண்டியைத் திருப்பினான். சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் பத்தொன்பது நாள் நடந்தது. விடுமுறையில் என்ன செய்தாய் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது, 'நாங்கள் சிமெண்ட் குழைத்தோம்' என்று நெவேனா மூன்று வருஷமாக ஒரே வரியை எழுதினாள். மூன்றாவது வருஷம் டீச்சர் ராட்மிலாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

இந்த வருஷம் தொட்டியை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கிளம்புவது என்று பேச்சு. அரை மணி நேரம்.

"நெவேனா, யூனிஃபார்ம் மாமா வந்து தொட்டியப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவே?" என்றான் போரிவோய். புதுச் சாமானுக்கு எல்லையில் வரி உண்டு, பழசுக்கு இல்லை.

"பழசுன்னு சொல்லுவேன்."

"முழுசா சொல்லு."

"பழசு சார். நாங்க அதுல குளிச்சோம்."

"சமத்து."

"நாம குளிக்கலையே."

"குளிப்போம்ல? கொஞ்சம் முன்கூட்டியே சொல்றோம், அவ்வளவுதான்."

"ஸ்கூல்ல அதுக்குப் பேர் பொய்."

"ஸ்கூல் ஜெர்மனில இருக்கு."

பன்னிரண்டு மணிக்கு வரிசை இரண்டு வண்டி நீளம் நகர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் நின்றுவிட்டது. எல்லையில் ஆட்கள் மாறுகிற நேரம் என்று முன்னாலிருந்து சேதி வந்தது.

போரிவோய் சாப்பாட்டைப் பிரித்தான். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழித்துண்டு, அவித்த முட்டை, உப்பு தடவிய வெள்ளரிக்காய். எங்கள் ஆட்களின் ஒவ்வொரு வண்டியிலும் அன்றைக்கு அதே கோழி, அதே முட்டை. ஜன்னல் வழியாக அடுத்த வண்டிக்காரனுக்கு நீட்டினால் அவனும் அதையே நீட்டுவான்.

"எடுத்துக்கப்பா ஸ்வெட்டோமிர்."

பக்கத்து வரிசையில் நின்றது உல்ம் நகரத்து ஸ்வெட்டோமிரின் வேன். பக்கத்தில் அவன் பெண்டாட்டி கோர்டானா. முதியோர் விடுதியில் நர்ஸ். ஸ்வெட்டோமிர் கோழியை வாங்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"என்ன, படகா?"

"தொட்டி. பதினாறு துளை."

"ஸ்லாட்டோமிர்கிட்ட பன்னெண்டுதானே?"

"பன்னெண்டுதான்." இந்த இடத்தில் போரிவோய் முகத்தில் ராத்திரி முழுக்க ஓட்டிய களைப்பு காணாமல் போய்விட்டது. "மோட்டார்கூட அவனோடத விட டபுள். சும்மா சொல்லக்கூடாது, முதுகுல பட்டா சொர்க்கம். கடைக்காரன் காமிச்சான்."

"உங்க ஊர்ல தண்ணி?"

"தண்ணிக்கு அடுத்த வருஷம் போர் போடணும்."

ராட்மிலா முதல்முறையாகத் திரும்பினாள். "அடுத்த வருஷம் என்ன?"

"இல்ல, பொதுவா சொன்னேன்."

"பொதுவா ஒரு வருஷம் போயிரும், அதானே?"

"ராடா, ஆளுங்க முன்னால..."

"ஆளுங்களுக்குத் தெரியாதா? அவங்க வீட்டுலயும் சிங்கம் இருக்கு."

"எங்க வீட்டுல கழுகு," என்றாள் கோர்டானா வேனுக்குள்ளிருந்து. "நாலு கழுகு. தண்ணி இல்ல."

ஒரு மணிக்கு நெவேனா சொன்னாள்: "அம்மா, ரெல்யா அழுகைய நிறுத்திட்டான்."

அதுவரை அவன் அழுதுகொண்டேயிருந்ததால் யாரும் கேட்கவில்லை. நிறுத்தியதும் ராட்மிலாவுக்குக் கேட்டுவிட்டது. எட்டிப் பின்னால் பார்த்தாள். பையன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகம் பீட்ரூட் நிறம். உதடு காய்ந்திருந்தது. கன்னத்தைத் தொட்டாள். இஸ்திரி உருளையைத் தொட்டது மாதிரி இருந்தது.

"ரெல்யா. டேய் ரெல்யா. அம்மாவைப் பாரு."

கண்ணைத் திறந்தான். திரும்ப மூடிக்கொண்டான். அப்புறம் நெஞ்சுமேல் வாந்தி எடுத்தான்.

"காத்து பட்டிருக்கும்," என்றான் போரிவோய். "உன் பக்கக் கண்ணாடிய ஏத்திரு."

ராட்மிலா இறங்கிப் பின்கதவைத் திறந்து பையனைப் பட்டையிலிருந்து அவிழ்த்து எடுத்தாள். கோர்டானா வேனிலிருந்து குதித்து ஓடிவந்தாள். பையனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், சட்டையைக் கழற்றினாள்.

"கொதிக்குது பிள்ள. நிழலுக்குத் தூக்கு. முதல்ல ஈரத்துணி, கழுத்துலயும் அக்குள்லயும். வாய்ல சொட்டுச் சொட்டா தண்ணி. அப்புறம் உடம்ப நனைக்கணும். பெரிய துண்டு இருக்கா?"

"நீலப் பையில இருக்கு. நாலு இருக்கு," என்றாள் ராட்மிலா. "போரா, பின்னால நீலப் பை. எடு."

நீலப் பை கடலுக்குப் போகிற பை. பிள்ளைகளின் நீச்சல் உடை, துண்டு, ஊதுகிற முதலை, கரண்டி, வாளி. புதன்கிழமை ராத்திரி ராட்மிலாவே மடித்து வைத்தது.

போரிவோய் டிக்கியைத் திறந்தான். அங்கே நின்று தலையைச் சொறிந்தான்.

"என்ன தேடுற?"

"தேடல."

"பின்ன எடு!"

"அது வந்து, ராடா... மோட்டார் பெட்டி வேற எங்கயும் அடங்கல."

ராட்மிலா பையனைக் கோர்டானா கையில் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். நீலப் பை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிமேல் மோட்டார் படம். படத்தில் ஒரு பெண் தொட்டிக்குள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பை எங்க?"

"வீட்டுல. கதவுக்குப் பின்னால. பத்திரமா இருக்கு."

"எப்ப எடுத்து வெளிய வச்ச?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை ராத்திரி நெவேனாவ மடியில வச்சுக்கிட்டு முதலையப் பத்திக் கத சொன்னியே, அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

போரிவோய் யோசித்தான். இந்த மாதிரிக் கேள்விக்கு யோசிக்கவே கூடாது. அவன் யோசித்தான்.

"முன்னால," என்றான்.

வண்டிக்குள்ளிருந்து நெவேனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "நாம கடலுக்குப் போகல," என்று தனக்குத்தானே செய்தி வாசிப்பது மாதிரிச் சொன்னாள்.

ராட்மிலா சாப்பாட்டுக் கூடையைத் திறந்தாள். ரொட்டி அறுக்கும் நீளக் கத்தியை எடுத்தாள். பக்கத்து வண்டிகளில் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஸ்வெட்டோமிர் கோழித்துண்டோடு ஒரு அடி பின்னால் போனான். அவள் போரிவோயைத் தாண்டிப் போய் முன்சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி ஏறி, முதல் பட்டையை அறுத்தாள்.

"ராடா! என்ன பண்ற? ராடா, அது புதுசு!"

இரண்டாவது பட்டை.

"உறைய கிழிக்காத! உறை கிழிஞ்சா கியாரண்டி போயிரும்! எல்லையில என்னன்னு சொல்றது?"

"பிள்ளைய நனைக்கணும்னாங்க," என்றாள் ராட்மிலா. குரல் உயரவில்லை. "துண்டு இல்ல. தொட்டி இருக்கு. நீதானே கொண்டு வந்த?" மூன்றாவது, நான்காவது. "டேய் தம்பிங்களா, சும்மா பாத்துட்டு நிக்கிறதுக்கா கை குடுத்திருக்கு? வந்து பிடிங்க!"

எங்கள் ஆண்கள் கத்தி வைத்திருக்கும் பெண் சொன்னால் உடனே கேட்பார்கள். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஸ்வெட்டோமிரும் ஒருவன். போரிவோய் மட்டும் தொட்டியின் ஒரு முனையைப் பிடித்து மேலேயே அழுத்திக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு மாசம் ஓவர்டைம் பாத்திருக்கேன்யா. சனிக்கிழமை சனிக்கிழமை அடுத்தவன் வீட்டுச் சுவர் பூசியிருக்கேன்..."

"நான் யார் வீட்டு விரிப்ப இழுத்தேன்?" என்றாள் ராட்மிலா. "கைய எடு போரா."

எடுத்தான். அவள் கையில் கத்தி இருந்ததாலா, கோர்டானா தோளில் பையன் தலை அசையாமல் கிடந்ததாலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

தொட்டி சாலையோரத்துப் புல்லில், ஒரு லாரியின் நிழலில் இறங்கியது. ராட்மிலா பிளாஸ்டிக் உறையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தாள். அந்தச் சத்தத்துக்குப் போரிவோய் கண்ணை மூடிக்கொண்டான். நூறு அடி தள்ளி லாரிக்காரர்கள் கைகால் கழுவுகிற குழாய் ஒன்று இருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் தண்ணீர் கேன் இல்லாமல் பயணம் கிளம்பமாட்டார்கள். ஜெர்மனித் தண்ணீரை ஊருக்கும், ஊர்த் தண்ணீரை ஜெர்மனிக்கும் கொண்டுபோகிறவர்கள். பத்து நிமிஷத்தில் முப்பது கேன் வரிசையில் வந்தது. ஒருவன் பிளம் சாராயம் இருந்த கேனைத் தவறாகத் தூக்கிவந்தான். அவனைத் திட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

உள்சுவர்த் துளைகளில் மோட்டார் குழாய் மாட்டவில்லை, அதனால் தண்ணீர் அவ்வழியே ஒழுகியது. ராட்மிலா துளைகளைப் பார்த்தாள். கூடையிலிருந்து மிச்ச ரொட்டியை எடுத்துப் பிசைந்து ஒவ்வொரு துளையாக அடைத்தாள். பதினாறையும். எண்ணிக்கொண்டே அடைத்தாள்.

கோர்டானா பையனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். முதலில் கால். அப்புறம் இடுப்பு. கையால் தண்ணீரை அள்ளித் தோளில் விட்டாள். சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினாள். பேசிக்கொண்டேயிருப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆட்கள், தொட்டியைச் சுற்றிக் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். போரிவோய் முட்டி போட்டுத் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமியிடம் பேசினானா கடைக்காரனிடம் பேசினானா தெரியாது.

ரெல்யா கண்ணைத் திறந்தான். தண்ணீரைப் பார்த்தான். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அது அப்பன் முகத்தில் தெறித்தது.

"கடலா?" என்றான்.

ராட்மிலா எழுந்து சூரியகாந்திக் காட்டுப் பக்கம் போய், இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் பார்த்து நின்றுவிட்டு வந்தாள்.

"பொழைச்சான்," என்றாள் கோர்டானா. "இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்துலயே வச்சிரு. தண்ணி குடுத்துட்டே இரு. வண்டில ஏறினதும் ஏசி போடு, இல்ல எல்லா ஜன்னலையும் திற. எல்லாம்னா எல்லாம். இல்லேன்னா அடுத்த தடவ என்னைக் கூப்பிடாதீங்க."

"குறுக்குக் காத்து..." என்று ஸ்வெட்டோமிர் ஆரம்பித்தான்.

"நீ போய் வேன்ல உக்காரு," என்றாள்.

நெவேனா சட்டையோடு இறங்கினாள். பிறகு கோர்டானாவின் பிள்ளைகள் இரண்டு. அப்புறம் முன்வண்டிப் பிள்ளை, பின்வண்டிப் பிள்ளை. பெரியவர்கள் கேனோடு நடந்துகொண்டேயிருந்தார்கள். இரண்டு மணிக்குத் தொட்டிக்குள் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். சத்தம் எல்லைவரை கேட்டிருக்கும்.

இரண்டேகாலுக்கு வரிசை நகர்ந்தது. இந்த முறை நிற்காமல் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஹாரன் அடிப்பது சுவாசம் மாதிரி. அதை நிறுத்த முடியாது.

ராட்மிலா ரெல்யாவை ஈரத்தோடு தூக்கி இருக்கையில் வைத்தாள். நெவேனா ஓடிவந்து ஏறினாள். ராட்மிலா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்தாள்.

போரிவோய் ஓடிவந்தான். "இரு, இரு. தொட்டிய மேல ஏத்தணும்."

"ஏத்திக்கோ."

"ஆள் வேணும், பட்டை வேணும். நீ கொஞ்சம் ஓரமா நிறுத்து."

"நான் போறேன். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் கடல்கிட்ட இருக்கணும்."

"நீச்சல் டிரெஸ்ஸே இல்லாம?"

"கடல் டிரெஸ் கேக்காது."

"அப்போ நான்?"

"ஒண்ணு தொட்டியோட இரு. இல்ல, வண்டில வா. உன் பாஸ்போர்ட் என் பையில இருக்கு, அதையும் யோசிச்சுக்கோ."

"ஒரு அரை மணி நேரம் ராடா! ஊர்ல இறக்கிட்டு..."

அரை மணி நேரம் என்ற வார்த்தைக்கு அவள் கியர் போட்டாள்.

வண்டி போயிற்று. போரிவோய் தொட்டியிடம் திரும்பி வந்தான். அதில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். போன பிள்ளைகளுக்குப் பதிலாகப் பின்வரிசைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தூக்கவேண்டுமென்றால் தண்ணீரை இறக்கவேண்டும். அவன் குனிந்து அடைப்புச் சங்கிலியைக் கையில் பிடித்தான்.

பிள்ளைகள் சத்தத்தை நிறுத்தினார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் திரும்பினார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற அம்மாக்கள். ஒருத்தி கையில் ரொட்டிக் கத்தி இருந்தது, வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், வேறு எண்ணம் ஒன்றுமில்லை.

"இழுத்துத்தான் பாரேன் அண்ணே," என்றாள் அவள்.

சங்கிலியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றான் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்வெட்டோமிர் பத்து நிமிஷம் என்கிறான். எப்படியும் அவன் இழுக்கவில்லை. சங்கிலியை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, தொட்டி விளிம்பில் கிழிந்து தொங்கிய உறைத்துண்டை ஒரு தரம் தடவி ஒட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை. பிறகு வண்டிகளுக்கு நடுவே எல்லையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். ஈர முழங்காலோடு, தொப்பியில்லாமல், நான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் தெரிந்த முகங்கள். ஒவ்வொரு ஜன்னலும், "தொட்டி எங்க போரா?" என்று கேட்டது. கோழியும் நீட்டியது.

சோதனைச்சாவடிக்கு ஆறு வண்டி முன்னால் தன் வண்டியைப் பிடித்தான். முன்கதவைத் திறக்கப் போனான். இருக்கையில் சாப்பாட்டுக் கூடை உட்கார்ந்திருந்தது. ராட்மிலா அதை நகர்த்தவில்லை. பின்கதவைத் திறந்து இரண்டு பிள்ளை இருக்கைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி நுழைந்தான். நாலு ஜன்னலும் திறந்திருந்தன. அவன் ஒரு ஜன்னலைப் பார்த்தான், எதிர் ஜன்னலைப் பார்த்தான். கால்மாட்டில் கிடந்த கைத்துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டான்.

"அப்பா, தொட்டி?" என்றாள் நெவேனா.

"குளிக்கிறாங்க."

செர்பியப் பக்கத்துச் சுங்க அதிகாரி இளவயது, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூரைக் கம்பியில் தொங்கிய ஆறு அறுந்த பட்டைகளையும் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி மோட்டார் பெட்டியையும் பார்த்தார்.

"மேல என்ன இருந்துச்சு?"

ராட்மிலா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். போரிவோய் வாயைத் திறந்தான். அதற்குள் நெவேனா நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பன் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்:

"பழசு சார். நாங்க அதுல குளிச்சோம்."

அதிகாரி அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். அவர் வேலையில் அன்றைக்கு அவரிடம் சொல்லப்பட்ட ஒரே உண்மையாக அது இருக்கும். போங்கள் என்று கைகாட்டினார்.

பெல்கிரேடு தாண்டினார்கள். ரெல்யா தண்ணீர் குடித்தான், மூத்திரம் போனான், ஒரு முட்டை தின்றான். மூன்றையும் ராட்மிலா கண்ணாடியில் பார்த்தாள், புருஷனை மட்டும் பார்க்கவில்லை. ஏசியைப் போட்டுப் பார்த்தாள். பாரம் இல்லாத வண்டியில் இஞ்சின் கொதிக்கவில்லை. பத்து நிமிஷம் ஓடவிட்டுவிட்டு, அதை அணைத்து மறுபடி நாலு ஜன்னலையும் இறக்கினாள். அது பையனுக்காக இல்லை.

போஜரேவாட்ஸ் விலக்குப் பலகை வந்தது. எங்கள் ஊருக்கு அங்கே வலப்பக்கம் திரும்பவேண்டும். பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் தானாகவே வலப்பக்கம் சாயும் வண்டி. போரிவோய் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ராடா," என்றான்.

"என்ன?"

பலகை பக்கத்தில் வந்தது. பக்கத்தில் வந்து, ஜன்னலளவு பெரிதாகி, பின்னால் போயிற்று.

"ஒண்ணுமில்ல."

ராட்மிலா ஆக்சிலேட்டரை மிதித்தாள். வேகம் ஏறியதும் காற்று இடது ஜன்னலில் நுழைந்து, போரிவோய் கழுத்திலிருந்த துண்டை அவிழ்த்து எடுத்து, அவன் கை நீட்டிப் பிடிப்பதற்குள் வலது ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய்விட்டது. அவன் வெறும் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த நாள் மத்தியானம் கடல் தெரியும்வரை நாலு ஜன்னலும் திறந்தேயிருந்தன. யாரும் சாகவில்லை.